சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு: பழைய பள்ளிகளைப் புதுப்பிக்கும்போது நேரும் தவறுகள்

நூறு வயதைத் தாண்டிய பள்ளிக்கூடங்கள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கின்றன. நூற்றாண்டு விழா நெருங்கும்போது பழைய மாணவர்கள் கூடிப் பணம் திரட்டுகிறார்கள். முதலில் பூச்சு, பிறகு வண்ணம், மீதிப் பணத்தில் நான்கு வகுப்பறை என்று முடிவாகிறது. நல்ல மனதோடு தொடங்கும் இந்த வேலையில் முதல் தவறு பெரும்பாலும் அந்தப் பூச்சிலேயே நடந்துவிடுகிறது.

பழைய சுவரின் அடிப்பகுதியில் மூன்று, நான்கு அடி உயரத்துக்குக் காரை பொரிந்து, உப்புப் பூத்து உதிர்ந்திருக்கும். "கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசிடலாம் சார், கல்லு மாதிரி நிக்கும்" என்பார் மேஸ்திரி. ஓரிரு மழைக்காலம் நிற்கும். அந்தக் காலச் சுவர்களில் அடிமட்டத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் கலந்த பெயிண்டும் அடித்தால் ஈரம் போக வழியில்லை. இன்னும் உயரத்துக்கு ஓதம் ஏறும். உள்ளேயே உப்புப் படிந்து, கடைசியில் பூச்சு விழும்போது செங்கலின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். நூறு வருடம் நின்ற செங்கல் பத்தே வருடத்தில் பொடியாவது இப்படித்தான்.

செய்ய வேண்டியது, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்பது. மழைநீர்க் குழாய் சுவரோரமே கொட்டுகிறதா? கழிப்பறைக் குழாய் கசிகிறதா? அதைச் சரிசெய்து, சுவரைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்புக் கலவையே பூச வேண்டும். மேலே வெள்ளையடிப்பும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் கோயில் திருப்பணி செய்பவர்களிடம் விசாரித்தால் ஆள் கிடைக்கும்.

இதோடு சேர்ந்தே நடக்கும் இன்னொரு தவறு, வளாகம் முழுக்க மண்ணைக் கொட்டி உயர்த்திப் பேவர் பிளாக் பதிப்பது. வகுப்பறைத் தரை வெளித்தரையைவிடத் தாழ்ந்துவிடுகிறது. சுவரடி மூச்சுவிட இருந்த இடமும் மூடிப்போகிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் வராந்தா ஏறும். ஏற்கெனவே சாலை உயர்ந்துவிட்ட ஊர்களில் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும்.

கூரைக்கு வருவோம். பழைய பள்ளிகள் பலவற்றில் மெட்ராஸ் டெரஸ் இருக்கிறது. தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின்மேல் சிறு செங்கற்களை மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடிக்க வைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கி, தட்டையான ஓடு பதித்திருப்பார்கள். ஒழுகும்போதெல்லாம் பழையதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு அடுக்குக் கான்கிரீட் போடுவது வழக்கமாகிவிட்டது. 3 அங்குலக் கான்கிரீட் சதுர அடிக்குச் சுமார் 17 கிலோ. 20 அடிக்கு 20 அடி வகுப்பறை என்றால், பிள்ளைகளின் தலைக்குமேல் கிட்டத்தட்ட 7 டன் கூடுதல் சுமை. உத்திரம் நடுவில் வலுவாகத் தெரிந்தாலும், சுவருக்குள் புதைந்த முனை கசிவாலும் கரையானாலும் உளுத்திருக்கலாம். கீழிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு உறுதிச் சான்றிதழ் தருபவரை ஏற்காதீர்கள். முனையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டுக்கூரை என்றால், ஓடுகளை இறக்கிவிட்டுத் தகரம் போடாதீர்கள். சித்திரை வெயிலில் அந்த அறை அடுப்பாகிவிடும். மழை பெய்தால் ஆசிரியர் பேசுவது இரண்டாவது வரிசைக்கே கேட்காது. உடைந்த ஓடுகளையும், ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களில் உளுத்தவற்றையும் மட்டும் மாற்றினால் போதும்.

விரிவாக்கத்தில் நான் மிகவும் அஞ்சுவது இரண்டு. பழைய சுமைதாங்கிச் சுவர்மேல் மாடி எழுப்புவது ஒன்று. பழைய கட்டடத்தை ஒட்டியே புதிய பில்லருக்கு ஆழமாகக் குழி தோண்டுவது மற்றொன்று. பழைய அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழம் குறைந்தது. பக்கத்தில் அதைவிட ஆழமாகத் தோண்டினால் அடிமண் சரியும். கரிசல் மண்ணில் ஆபத்து இன்னும் அதிகம். புதியதைத் தள்ளிக் கட்டி, இடையில் நடைவழியால் இணைப்பதே நல்லது. ஒட்டித்தான் கட்ட வேண்டும் என்றால், இரண்டையும் பீமால் பிணைக்காமல் ஓரிரு அங்குலம் இடைவெளி விட்டு மூடிப்பட்டை போடுங்கள். இரண்டும் ஒரே அளவில் இறங்காது. பிணைத்தால் பழைய சுவர்தான் பிளக்கும்.

காற்றையும் பாருங்கள். அந்த உயரமான அறைகள் எதிரெதிர் ஜன்னல்களை நம்பியே கட்டப்பட்டவை. பின்பக்கம் புதிய அறைகளை ஒட்டவைத்தால் பழைய அறையும் இருண்டுவிடும், புதியதிலும் காற்றிருக்காது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகி இறந்தார்கள். மாடியில் கீற்றுக்கூரை வகுப்பறைகள், இறங்கக் குறுகலான படிக்கட்டு. இன்றும் பள்ளியில் வகுப்பறை கூட்டும்போது படிக்கட்டையும் வெளிவாசலையும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நான்கு அறை கூடினால் நூற்றைம்பது பேர் கூடுகிறார்கள். அவர்கள் இறங்க இன்னொரு படிக்கட்டு வரைபடத்திலேயே இருக்க வேண்டும். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். முதன்மைக் கட்டடத்துக்கு லட்சங்களைச் செலவழிக்கும்போது கழிப்பறை, சுற்றுச்சுவர், சன்ஷேடு இவற்றையும் பொறியாளர் கையால் தட்டிப் பார்க்கட்டும்.

கடைசியாக, நாள் கணக்கு. கூரையைப் பிரிப்பதும் குழி தோண்டுவதும் கோடை விடுமுறைக்குள் முடிய வேண்டும். சுண்ணாம்பு இறுக நேரம் எடுக்கும், அவசரப்படுத்தக் கூடாது; ஆகவே பூச்சு வேலையை இரண்டு கோடைகளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டு நீற்றும் தொட்டி கொதிக்கும். ஒரு துளி தெறித்தாலும் கண் போய்விடும். விடுமுறையிலும் விளையாட வரும் பிள்ளைகள் உண்டு. தொட்டியைச் சுற்றி ஆளுயரத்துக்குத் தகரம் அடித்து, வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு முதல் சுண்ணாம்பு மூட்டையை இறக்கச் சொல்லுங்கள்.