வார்டுக்குள் கோவிட் பரவாமல் தடுப்பது: சிறிய மருத்துவமனைகளுக்கான வழிமுறை

முழுக் கவசம் போட்டுக்கொண்டு நோயாளியைத் தொடும்போது எல்லோரும் விழிப்பாகத்தான் இருக்கிறோம். அதே ஆட்கள் டியூட்டி ரூமில் கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, மாஸ்க்கைக் கழற்றிச் சேர்ந்து சாப்பிடும்போதுதான் தொற்று கைமாறுகிறது. இன்னொரு இடம், யாருக்கும் சந்தேகமே வராத பொது வார்டு. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் கோவிட்டைப் பரப்ப முடியும். அதனால் 'காய்ச்சல் உள்ளவரை மட்டும் பிரித்து வைப்போம்' என்ற ஒரே ஏற்பாட்டை நம்பியிருக்கும் மருத்துவமனை பாதி வழியில் நிற்கிறது. காற்றைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. மற்றவை அதற்குப் பின்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. 2020இல் 24 நாடுகளின் 235 மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சையை ஒட்டிக் கோவிட் வந்த 1,128 பேரைப் பார்த்தார்கள். 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம். இது தடுப்பூசிக்கு முந்தைய கணக்குதான். ஆனாலும் குடலிறக்கத்துக்கோ இடுப்பெலும்பு முறிவுக்கோ வந்து படுத்தவருக்கு நம் வார்டில் தொற்று வந்தால், அது வெறும் சளிக்காய்ச்சலாக முடியும் என்று எண்ணிவிட முடியாது.

காற்று

டேப்பை எடுத்து அறையை அளந்துவிடுங்கள். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 144 கனமீட்டர். மணிக்கு 6 முறையாவது அறைக்காற்று முழுதும் மாற வேண்டும் என்று வைத்தால் 864 கனமீட்டர் தேவை. ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் புதுக்காற்று என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, அதாவது மணிக்கு 216 கனமீட்டர். அந்த அறையில் 6 கட்டில் இருந்தால் 1,296 கனமீட்டர் ஆகிறது. இரண்டு கணக்கில் எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கும்போது அது மணிக்கு எத்தனை கனமீட்டர் காற்றைத் தள்ளும் என்று பெட்டியில் பாருங்கள். வலை, தூசி, காற்றுவிசை எல்லாம் அந்த எண்ணைக் குறைக்கும், ஆகவே தேவைக்கு மேலேயே வாங்குங்கள். எங்கே மாட்டுகிறோம் என்பது இன்னும் முக்கியம். கதவுப் பக்கத்திலிருந்து காற்று வந்து, கட்டில்களைக் கடந்து, எதிர்ச் சுவரில் வெளியேற வேண்டும். ஃபேனுக்கு ஒட்டியே ஒரு ஜன்னல் திறந்திருந்தால், அந்த ஜன்னலின் காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கட்டிலருகே உள்ள காற்று அசையவே அசையாது. அடிக்கடி பார்க்கும் பிழை இதுதான். வெளியேறும் காற்று அடுத்த வார்டு ஜன்னலுக்கோ, வெளிநோயாளிகள் வரிசையில் நிற்கும் இடத்துக்கோ போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியாக இழுக்கிறதா என்று பார்க்க, கதவைச் சாத்திவிட்டுக் கீழ் இடுக்கில் மெல்லிய டிஷ்யூ துண்டைப் பிடியுங்கள். அது வார்டுக்கு உள்பக்கமாகச் சாய வேண்டும். ஊதுபத்திப் புகையைக் காட்டிச் சோதிப்பவர்கள் உண்டு. ஆக்சிஜன் ஓடும் அறையில் அதைச் செய்யவே கூடாது.

மின்விசிறியும் ஸ்பிளிட் ஏசியும் இருக்கும் காற்றையே சுழற்றுகின்றன, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஏசி வேண்டுமென்றால் ஜன்னலைச் சற்றுத் திறந்து, எக்ஸாஸ்ட்டையும் ஓடவிடுங்கள். மின்கட்டணம் ஏறும், அது வேண்டிய செலவு. காற்றை வெளியேற்றவே வழியில்லாத அறைக்கு ஹெப்பா வடிகட்டி (காற்றிலுள்ள நுண்துகள்களைப் பிடித்துவைக்கும் கருவி) வைக்கலாம். மணிக்கு 300 கனமீட்டர் சுத்தக் காற்று தரும் கருவி என்றால், 864 என்ற கணக்குக்கு மூன்று வேண்டும்.

கரியமில வாயு மீட்டர் ஒன்று வாங்கி டியூட்டி ரூமில் வையுங்கள். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 420 பங்கு) ஒட்டி இருக்கும். அறையில் 800ஐத் தாண்டினால், மற்றவர்கள் விட்ட மூச்சைத்தான் அதிகம் இழுக்கிறோம் என்று பொருள். ஹெப்பா வைரஸை வடிகட்டும், கரியமில வாயுவைக் குறைக்காது. ஆகவே ஹெப்பா ஓடும் அறையில் மீட்டரின் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சாப்பாட்டு நேரத்தை மாற்றி மாற்றி வைப்பதும், ஜன்னலோரம் இரண்டிரண்டு பேராக உட்காருவதும் காசில்லாமல் செய்யக்கூடியவை.

நோயாளி போன பிறகு அறை எவ்வளவு நேரம் காலியாக இருக்க வேண்டும் என்பதும் இதே கணக்குதான். காற்றில் மிதக்கும் வைரஸ் துகள்களில் 99 சதவீதம் நீங்க, மணிக்கு 12 முறை காற்று மாறினால் 23 நிமிடம், 6 முறை என்றால் 46 நிமிடம், 2 முறை மட்டுமென்றால் 138 நிமிடம். துடைக்கும் ஊழியரை அதற்கு முன் உள்ளே அனுப்ப நேர்ந்தால் என்95 (முகத்தில் இறுகப் படியும், நுண்துகளை வடிகட்டும் மாஸ்க்) போட்டே அனுப்புங்கள்.

வாசலும் வார்டும்

2003இல் ஹாங்காங்கின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில் சார்ஸ் (கோவிட்டின் உறவுக்கார வைரஸால் வரும் நோய்) நோயாளி ஒருவருக்குப் பொது வார்டில் நெபுலைசர் (மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் இழுக்கவைக்கும் கருவி) கொடுத்தார்கள். அங்கு தொடங்கிய பரவலில் 138 பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் மருத்துவப் பணியாளர்கள் பலர். 2015இல் தென்கொரியாவில் அதே வைரஸ் குடும்பத்தின் மெர்ஸ் 186 பேரைத் தொற்றியபோது, நெரிசலான அவசரப் பிரிவும், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாறிப்போன நோயாளிகளும், கட்டிலருகே தங்கிய உறவினர்களும்தான் அதற்கு வழிவிட்டார்கள். நம்மூர் கேஷுவாலிட்டியை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

ஆகவே, இருமலோ காய்ச்சலோ இருப்பவரை டோக்கன் கொடுக்கும் இடத்திலேயே கேட்டு, மாஸ்க் கொடுத்து, திறந்தவெளி வராந்தாவில் உட்காரவையுங்கள். ராபிட் ஆன்டிஜென் சோதனையில் இல்லை என்று வந்தாலும், அறிகுறி இருந்தால் ஆர்டி-பிசிஆர் முடிவு வரும்வரை பொது வார்டில் சேர்க்காதீர்கள். கட்டில்களுக்கிடையே குறைந்தது 1 மீட்டர், இடமிருந்தால் 2 மீட்டர். ஆஸ்துமாவுக்கு முடிந்தவரை ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) இன்ஹேலர் கொடுங்கள். நெபுலைசர்தான் வேண்டுமென்றால் தனியறையில்.

கூட இருப்பவர் ஒருவர் போதும். காலையில் அம்மா, மதியம் மாமா, இரவில் தம்பி என்று ஆள் மாறுவதைத் தடுங்கள். அவர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. தண்ணீர் எடுத்துத் தருவதும் கழிவறைக்குக் கூட்டிப்போவதும் அவர்கள் வேலையாக இருக்கும்வரை, அவர்களும் நம் ஊழியர்களைப் போலவே பாதுகாக்கப்பட வேண்டியவர்கள். நல்ல மாஸ்க்கைக் கொடுத்து, போடும் முறையையும் காட்டிவிடுங்கள்.

மாஸ்க்கும் கவசமும்

என்95இன் உள்ளே சர்ஜிக்கல் மாஸ்க் போட்டால் விளிம்பு முகத்தில் படியாது, பக்கவாட்டில் காற்று கசியும். தாடியும் அப்படித்தான். போட்டதும் இரு கைகளாலும் மூடி வேகமாக மூச்சை விட்டுப் பாருங்கள். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்குக் கம்பியை மறுபடி அழுத்துங்கள். நனைந்ததும் வார் தளர்ந்ததும் குப்பைக்குத்தான்.

கழற்றும்போதுதான் கை அசுத்தமாகிறது. முதலில் கையுறை, பிறகு கவுனை உள்புறம் வெளியே வரும்படி சுருட்டி எடுத்து, கையைச் சுத்தம் செய்து அறையை விட்டு வெளியே வாருங்கள். அதன்பின் கண்ணை மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. என்95 கடைசியில்: முன்பக்கம் தொடாமல் கீழ் வார், பிறகு மேல் வார். மறுபடியும் கை கழுவுங்கள்.

துடைப்பது

சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்த பிறகே குளோரின் கரைசல். அழுக்கும் ரத்தமும் குளோரினைத் தின்றுவிடும். தரை, கட்டில் கம்பி, கதவுப் பிடிக்கு 0.1 சதவீதம் போதும். 5 சதவீத ஹைப்போகுளோரைட் என்றால் 20 மில்லியுடன் 980 மில்லி தண்ணீர். ரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம், அதாவது 100 மில்லியுடன் 900 மில்லி. வேறு வலிமையுள்ள பாட்டில் என்றால், அதன் சதவீதத்தைத் தேவையான சதவீதத்தால் வகுத்து ஒன்றைக் கழியுங்கள். ஒரு பங்கு மருந்துக்கு அத்தனை பங்கு தண்ணீர். தினமும் புதிதாகக் கலந்து, வெயில் படாமல் மூடி வையுங்கள். துடைத்த இடம் 10 நிமிடம் ஈரமாக இருக்கட்டும். கழிவறை ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். மானிட்டருக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கும் 70 சதவீத ஆல்கஹால் போதும். ஆட்கள்மேல் மருந்து தெளிப்பதால் கண்ணும் தோலும் எரியுமே தவிர, உள்ளே போன வைரஸ் சாகாது.

வார்டில் ஒருவருக்கு வந்துவிட்டால்

அவரைத் தனியறைக்கு மாற்றுங்கள். பக்கத்துக் கட்டில்காரர்களைக் காலி இடம் கிடைத்த வார்டுகளுக்கெல்லாம் பிரித்து அனுப்பிவிடாதீர்கள், ஒரு வார்டின் தொற்று நான்கு வார்டுக்குப் போவது அப்படித்தான். அவர்களை ஒரே இடத்தில் வைத்து, புதுச் சேர்க்கையை நிறுத்தி, தொடர்பு ஏற்பட்ட மறுநாளும், 3ஆம், 5ஆம் நாளும் சோதியுங்கள். மருத்துவமனையில் சேர்ந்து 8 முதல் 14 நாளுக்குள் கண்டுபிடிக்கப்பட்டால் அது நம் மருத்துவமனையில் தொற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். 15 நாளோ அதற்கு மேலோ என்றால் இங்கே தொற்றியதுதான். ஷிஃப்ட் பட்டியலில் தூய்மைப் பணியாளர், லேப், எக்ஸ்ரே ஆட்களையும் எழுதுங்கள். காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிப்போம் என்று சொன்னால், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார்கள். எந்த அறிவிப்புப் பலகையும் அதைத் தடுக்காது.

வீட்டுக்கு அனுப்பும்போது

வைரஸ் நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தம் உறைவது, இதயத் தசை வீக்கம், சர்க்கரை ஏறுவது எல்லாம் பின்னாலும் வரலாம். 2021இல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை பெருகியபோது, கட்டுப்படாத சர்க்கரையும் தேவையில்லாமல் கொடுத்த ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்களாக இருந்தன. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தினமும் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள், அதுவும் ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கே பயன் தந்தது. மற்றவருக்குக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் தினமும் சர்க்கரை பாருங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் இவற்றைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்: ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு பக்க முகம் மரத்தாலோ, மூக்கில் கருப்பாக வந்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே வர வேண்டும். தொற்று தொடங்கி மூன்று மாதம் ஆகியும், வேறு காரணம் தெரியாமல் சோர்வோ மூச்சுவாங்கலோ மறதியோ இரண்டு மாதமாவது நீடித்தால் அது நீண்டகாலக் கோவிட். வேலை செய்த மறுநாள் படுத்தே கிடக்கும் நோயாளியிடம் 'நடந்து நடந்து பழகுங்கள்' என்று சொல்லாதீர்கள். உடம்பு தாங்கும் அளவுக்குள் வேலையைப் பிரித்துச் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளிப் பரிசோதனைக்கும் எழுதுங்கள். இந்தியாவில் 2019இல் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020இல் அது 18 லட்சமாக இறங்கியது, நோய் குறைந்ததால் அல்ல, ஊரடங்கில் யாரும் தேடிப் போகாததால். அப்படி விட்டுப்போனவர் உங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருக்கலாம். கோவிட்டுக்காக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் அவர் இருமும் காற்றையும் வெளியேற்றும், அதைக் கழற்றிவிடாதீர்கள்.