மழை கொட்டும்போதுதான் சிக்னல் போகும்: தோட்டத்து மழைமானியைக் கிளவுடோடு இணைப்பது எப்படி?

இலங்கை மலையகத்தில் மலைக்கு இந்தப் பக்கம் கொட்டும் மழை, அந்தப் பக்கம் வெறும் தூறலாக இருக்கும். டவுனில் அளந்த கணக்கு நம் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) பின்னால் இருக்கிற சரிவுக்குப் பொருந்தாது. 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதிலிருந்து, விடாமல் மழை பெய்தால் எனக்குத் தூக்கம் வராது. நம் மழையை நாமே அளக்கலாம், வாங்க.

தேவையானவை: ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சிறிய கணினிப் பலகை), கவிழும் வாளி மழைமானி, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், சைரன், ரீசார்ஜ் பற்றரி, சிறிய சோலார் பேனல்.

முதலில் மானியைச் சரிபாருங்கள். உள்ளே தராசு போல இரண்டு குழிகள் இருக்கும். ஒன்று நிரம்பியதும் சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். சாயும்போதெல்லாம் காந்தம் ரீட் சுவிட்சை (காந்தம் கிட்ட வந்தால் இணையும் சுவிட்ச்) கடக்கும்: ஒரு ‘டிக்’. புனல் வாய் 16 செ.மீ. விட்டம், ஒரு டிக் 0.2 மி.மீ. என்றால், 402 மில்லிலீற்றருக்கு 100 டிக் வர வேண்டும். போத்தல் மூடியில் ஊசித்துளை போட்டுச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மளமளவென்று ஊற்றினால் எண்ணிக்கை குறையும். சொட்டாக விட்டும் 90தான் வருகிறதா? வாளிக்கு அடியிலுள்ள திருகாணிகளைச் சற்று உயர்த்துங்கள்.

அப்புறம் வயரிங். சுவிட்சின் ஒரு முனை ஈஎஸ்பி32இன் 33ஆம் பின்னுக்கு, மறுமுனை கிரவுண்டுக்கு. பின்னிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். சுவிட்ச் துடிப்பதால் ஒரு டிக் இரண்டாகப் பதியலாம். 100 மில்லிசெக்கனுக்குள் வரும் அடுத்ததைப் புரோகிராமில் தள்ளிவிடுங்கள்.

வைஃபையில் பேசும்போது ஈஎஸ்பி32 200 மில்லிஅம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால் எப்போதும் தூங்கட்டும். டிக் எழுப்பினால் ஒன்றைக் கூட்டிவிட்டு மறுபடி தூங்கட்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் எம்கியூடிடி (கருவிகள் சிறு செய்திகளை அனுப்பும் முறை) வழியாகக் கிளவுடுக்கு, அதாவது இணையத்திலுள்ள சேவையகத்துக்கு, அனுப்பட்டும்.

எதை அனுப்புவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். “இந்த 15 நிமிடத்தில் 60 டிக்” என்று அனுப்பினால், அந்தச் செய்தி தொலைந்தால் அந்த மழையும் தொலைந்தது. ஒரே செய்தி இருமுறை போய்ச் சேர்ந்தால் மழை இரட்டிப்பாகும். எனவே தொடக்கத்திலிருந்து வந்த மொத்தத்தை அனுப்புங்கள். 10 மணிக்கு 1,240, 11 மணிக்கு 1,490 என்றால் 250 டிக், அதாவது 50 மி.மீ. இடையில் மூன்று செய்திகள் போகாவிட்டாலும் கணக்கு அசையாது. பற்றரி இறங்கினாலும் அழியாதபடி அந்த மொத்தத்தை மணிக்கொருமுறை ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிவையுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழைக்கு 75, 100, 150 மி.மீ. என்று மண்சரிவு எச்சரிக்கை எல்லைகள் வைத்திருக்கிறது. நம் மானியில் அவை 375, 500, 750 டிக். கிளவுட் இதைப் பார்த்து எஸ்எம்எஸ் அனுப்பட்டும். ஆனால் சைரனை அதன் கையில் விடாதீர்கள். கடைசி 24 மணித்தியாலத்துக்கு, மணிக்கு ஒன்றாக, 24 எண்களைக் கருவியே வைத்துக் கூட்டிப் பார்த்து ஊதட்டும். மழை வலுக்கும் நேரத்தில்தான் டவரும் கரண்டும் போகும். அதிகாரிகள் வெளியேறச் சொன்னால், நம் மானி என்ன காட்டினாலும் வெளியேறுங்கள்.

இன்னொன்று: 45 நிமிடம் செய்தி வராவிட்டால் அதை “மழை இல்லை” என்று கிளவுட் எடுத்துக்கொள்ளக் கூடாது, “கருவி பேசவில்லை” என்று சொல்ல வேண்டும். அந்த எஸ்எம்எஸ் போகிற பட்டியலில், டோர்ச்சோடு போய்ப் பார்க்கக்கூடிய ஒரு பக்கத்து வீட்டுத் தம்பியின் நம்பரையும் சேர்த்துவிடுங்கள்.