வீட்டில் மாட்சா: காசைக் கரைக்கும் தவறுகள்

டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் நம்மவர்கள் வீட்டுக்குப் போனால் இப்போதெல்லாம் காபிக்குப் பதில் மாட்சா, அதாவது ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூளை அடித்த தேநீர், வருகிறது. சந்தோஷம்தான். ஆனால் நான் ஆரம்பத்தில் பண்ணிய அதே கோளாறுகளை ஒவ்வொருவரும் வரிசையாகப் பண்ணும்போது சும்மா குடித்துவிட்டு வர முடியவில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றாதே என்பதெல்லாம் டப்பாவிலேயே போட்டிருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

மொத்தமாக வாங்கிப் பத்திரப்படுத்துவது

தோழி ஒருத்தி கியோட்டோ போனபோது, பக்கத்தில் தேயிலைக்குப் பெயர்பெற்ற உஜியில் 100 கிராம் வாங்கி வந்தாள். நல்ல சரக்கு, விலையும் அதற்கேற்ற மாதிரி. தினசரி குடிக்கும் நீர்த்த மாட்சாவான உசுச்சாவுக்கு ஒரு கிண்ணத்துக்கு 2 கிராம் போதும். ஆக, 50 கிண்ணம். அவள் குடிப்பதோ ஞாயிற்றுக்கிழமை மட்டும். கணக்கு அங்கேயே இடிக்கிறது.

டப்பா இருந்த இடம் ஃபிரிட்ஜ், இஞ்சி பூண்டு விழுதுக்குப் பக்கத்தில். வெளியே எடுத்த கையோடு மூடியைத் திறப்பாள். ஜூன் மாதம், இங்கே மழைக்காலம், வீடு முழுக்க ஈரக்காற்று. சில்லென்ற டப்பாவுக்குள் அந்தக் காற்று போனால் தூளின் மேலேயே நீர் கோக்கும். சில மாதம் கழித்து எனக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். பச்சை போய் மஞ்சளும் பழுப்பும் ஏறியிருந்தது. வைக்கோல் வாசனை, அதற்குப் பின்னால் லேசாகப் பூண்டு. அவள் முதலில் தண்ணீர் மேல் சந்தேகப்பட்டு தெர்மாமீட்டர் வாங்கினாள். அப்புறம் மாட்சா அடிக்கும் மூங்கில் மத்து சரியில்லை என்று அதையும் புதிதாக வாங்கினாள். டப்பா மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

அந்தத் தூளுக்குப் பின்னால் எவ்வளவு பாடு இருக்கிறது! பறிப்பதற்கு முன் ஏறக்குறைய மூன்று வாரம் செடிகளுக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். பச்சை நிறமும், நாக்கில் தங்கும் அந்த இனிப்பும் நிழலில்தான் கூடுகின்றன. பறித்த இலையை ஆவியில் காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கினால் அது தெஞ்சா. அதைக் கல் திருகையில் அரைத்தால் மாட்சா. ஒரு திருகை மணிக்குச் சுமார் 40 கிராம்தான் தரும். அவசரப்பட்டு வேகமாகச் சுற்றினால் சூடேறி மணம் போய்விடும். அவ்வளவு நைசாக அரைத்த தூள் என்பதால்தான் காற்று, வெளிச்சம், ஈரம் எது பட்டாலும் சீக்கிரம் கெடுகிறது.

"ஜப்பான்காரர்களே தேயிலையை மாதக்கணக்கில் ஜாடியில் வைக்கிறார்களே?" என்று அவள் கேட்டாள். வைத்தார்கள்தான். மே மாத அறுவடையை ஜாடியில் போட்டு மூடி, நவம்பரில் முத்திரையை உடைக்கும் குச்சிகிரி என்ற சடங்கு தேநீர்க் கலையில் இன்றும் உண்டு. ஆனால் ஜாடிக்குள் இருப்பது தெஞ்சா இலை. வெளியே எடுத்த பிறகுதான் திருகைக்குப் போகும். தூளாகிவிட்டால் அந்தப் பொறுமை அதற்குக் கிடையாது.

2024 இலையுதிர் காலத்தில் தட்டுப்பாடு வந்து, கியோட்டோவின் பெயர்பெற்ற கடைகளே ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்தன. அதிலிருந்து பதுக்கல் இன்னும் கூடிவிட்டது. விலை ஏறட்டும், பரவாயில்லை. 20 அல்லது 30 கிராம் டப்பாவாக வாங்குங்கள். திறந்தால் ஒரு மாதத்துக்குள் முடியுங்கள். திறக்காத டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஆனால் முந்தின ராத்திரியே வெளியே எடுத்து வைத்துவிட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

சலிக்காமல் போடுவது

சலியுங்கள். இதில் பேச ஒன்றுமில்லை.

மக் நிறைய தண்ணீர்

60, 70 மில்லி. அவ்வளவுதான்.

கேக்குக்கு வாங்கியதைக் குடிப்பது

பாலும் சர்க்கரையும் சேர்க்கும் வேலைக்கு வந்த தூள் அது. வெறும் தண்ணீரில் அடித்துவிட்டு மாட்சாவே கசப்பு என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மத்தைச் சுழற்றுவது

மத்து என்றதும் நம் கை தயிர் கடைவது போல வட்டத்துக்குப் போய்விடுகிறது. சாசென் என்ற இந்த மூங்கில் மத்து அதற்கானதல்ல. மணிக்கட்டை மட்டும் ஆட்டி, முன்னும் பின்னும் வேகமாக அடிக்க வேண்டும். நுனி அடியில் உரசினால் உடையும். நாரா மாநிலத்தின் தகயாமாவில் ஒரே மூங்கில் துண்டைக் கீறிக் கீறி 80, 100 இழைகளாக்குகிறார்கள். அடிப்பதற்கு முன் அதை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் நனைத்தால் இழைகள் வளைந்து கொடுக்கும்.

நுரை வரவில்லையே என்று அழ வேண்டாம். தேநீர்க் கலையில் உராசென்கே என்ற மரபில்தான் மேலெல்லாம் நுரை கேட்பார்கள். ஒமோதெசென்கே என்ற இன்னொரு மரபில் குறைவாக அடித்து, நுரை இல்லாத இடமும் தெரியும்படி விடுவார்கள். இரண்டுமே பதினாறாம் நூற்றாண்டுத் தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூ வழி வந்தவைதான்.

சாசெனுக்கு சோப்பு

கூடவே கூடாது. வெந்நீரில் அலசி, காற்றாட நிற்க வையுங்கள். கடையில் தந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். அந்த டப்பா கடையிலிருந்து வீடு வந்து சேருவதற்குத்தான், முதல் நாளே குப்பையில் போடுங்கள்.