டெண்டர் படகைத் தூக்கும் கிரேன் மக்கர் செய்தால்: புதியவர்களுக்கான செய்முறை

சொகுசுப் படகில் டெக் வேலைக்கோ இஞ்சின் ரூம் உதவிக்கோ புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கரைக்குப் போய்வர வைத்திருக்கும் குட்டிப் படகைத்தான் டெண்டர் என்பார்கள். அது மேல்தட்டில் உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கித் தண்ணீரில் இறக்க ஒரு கிரேன் உண்டு. மத்தியதரைக் கடலில் மே முதல் செப்டம்பர் வரை சீசன். கிரேன் படுத்துக்கொள்வதும் பெரும்பாலும் அப்போதுதான். பால்மா, ஆன்டிப்ஸ் போன்ற படகுத் துறைமுகங்களில் நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் ஜூலை மாதத்தில் நீங்கள் நங்கூரம் போட்ட இடத்துக்கு உடனே வந்து நிற்க மாட்டார்கள்.

20 முதல் 25 மீட்டர் படகுகளில் சாதாரணமாகப் பார்க்கும் வகையையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். 24 வோல்ட் மோட்டார் ஒரு பம்பைச் சுற்றும். பம்ப் டேங்கிலிருந்து ஆயிலை இழுத்து வால்வு பிளாக்குக்குத் தள்ளும். நீங்கள் ரிமோட்டில் எந்த பட்டனை அழுத்துகிறீர்களோ, அதற்கேற்ற சோலினாய்டு வால்வு (மின்காந்தக் காயிலால் இயங்கும் வால்வு) திறந்து, கிரேனின் கையை உயர்த்தும் சிலிண்டருக்கோ, வடத்தைச் சுருட்டும் வின்ச்சுக்கோ ஆயில் போகும். அவ்வளவுதான் கிரேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்காத கிரேன் வெறும் தொல்லை. தூக்கிவிட்டு, பிடித்து நிறுத்தாத கிரேன்தான் ஆளைக் கொல்லும். முதல் வகைப் பழுதில் அவசரப்படலாம், இரண்டாவதில் கூடாது.

முதலில் பாரத்தை இறக்குங்கள்

டெண்டர் அந்தரத்தில் தொங்கும்போது கிரேன் நின்றுவிட்டால் எந்த ஹோஸையும் தளர்த்தக் கூடாது. யாரும் அடியில் நிற்கக் கூடாது. பெரும்பாலான கிரேன்களில் அவசரத்துக்கு ஒரு கை பம்ப் இருக்கும். சோலினாய்டு வால்வின் முனையில் சின்னதாக ஒரு பின்னும் இருக்கும். மின்சாரம் இல்லாதபோது அதை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் வால்வு திறக்கும். இந்த இரண்டையும் வைத்து டெண்டரை மெதுவாகத் தண்ணீரிலோ அதன் தாங்கியிலோ இறக்கலாம். எது எந்த வால்வு என்று துறைமுகத்தில் சும்மா இருக்கும் நாளிலேயே பார்த்து, பெயிண்டால் குறித்து வையுங்கள். கொக்கியில் பாரம் இல்லை, கை அதன் தாங்கியில் படுத்திருக்கிறது என்று உறுதியானபின் வேலையைத் தொடங்கலாம்.

பட்டனை அழுத்தினால் என்ன கேட்கிறது?

சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் ஃபியூஸ், ரிமோட், லிமிட் ஸ்விட்ச் (கிரேன் எல்லையைத் தொட்டதும் நிறுத்தும் ஸ்விட்ச்) இந்த மூன்றில் ஒன்று. ரிமோட் வயரின் பிளக்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். ரப்பர் மூடிக்கு அடியில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் நிற்கும், பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். தொடர்பு சுத்தம் செய்யும் ஸ்பிரேயும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும்.

'டிக்' என்று மட்டும் கேட்டால் ரிலே (மோட்டாருக்குக் கரண்ட்டை இணைக்கும் மின் ஸ்விட்ச்) வேலை செய்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. இங்கே மல்டிமீட்டர் வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஆன 24 வோல்ட் ஈய அமில பேட்டரி சும்மா இருக்கும்போது 25.4 வோல்ட் காட்டும். அதைப் பார்த்துவிட்டு 'பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது' என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஒருவர் பட்டனை அழுத்த, இன்னொருவர் மோட்டாரின் முனையிலேயே அளக்க வேண்டும். 2 கிலோவாட் மோட்டார் 24 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கேபிள் முனை தளர்ந்து அங்கே வெறும் 0.03 ஓம் தடை இருந்தால்கூட இரண்டரை வோல்ட் அங்கேயே போய்விடும். கிட்டத்தட்ட 200 வாட் சூடு. ஆகவே கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்து, பேட்டரியின் மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகு, கேபிள் முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதுதான் குற்றவாளி. கழற்றி, பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, ஆனால் தூக்கவில்லை

ஆயில் அளவைப் பாருங்கள். சிலிண்டர்கள் எல்லாம் உள்ளே சுருங்கியிருக்கும் நிலையில்தான் பார்க்க வேண்டும். நீட்டி நிற்கும்போது அளவு குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால், சுருங்கும்போது டேங்க் பொங்கித் தேக்குமரத் தளமெல்லாம் ஆயில். அப்புறம் கேப்டனின் முகத்தைப் பார்க்க முடியாது. ஆயில் நுரைத்திருந்தால் காற்று இழுக்கிறது, பால் போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பால் நிற ஆயிலை முழுதாக மாற்றியே ஆக வேண்டும். எந்த ரகம் என்பது கிரேனின் கையேட்டில் இருக்கும். கையில் கிடைத்ததை ஊற்றாதீர்கள்.

அளவு சரி என்றால் சோலினாய்டைப் பாருங்கள். பட்டனை அழுத்தியபடி காயிலின் முனை நட்டுக்கு அருகே ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோங்கள். காந்தம் இழுப்பது கையில் தெரியும். இழுக்கவில்லை என்றால் காயில் எரிந்திருக்கலாம், அல்லது அதற்குக் கரண்ட் வரவில்லை. இழுத்தும் கிரேன் அசையவில்லை என்றால் உள்ளே வால்வு சிக்கியிருக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்து, மோட்டார் முனகிக்கொண்டே நின்றால், கிரேனை விட்டுவிட்டு டெண்டரைப் பாருங்கள். அதன் தரைப்பலகைக்கு அடியில் மழைத்தண்ணீர் தேங்கியிருக்கலாம். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ.

இந்த இடத்தில்தான் யாராவது ஒரு அனுபவசாலி வந்து, 'ரிலீஃப் வால்வை ஒரு சுற்று இறுக்கு, தூக்கிவிடும்' என்பார். ஆயில் அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டாமல் காக்கும் வால்வு அது. செய்யாதீர்கள். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் 150 பார் அழுத்தத்திலேயே சுமார் 3 டன் விசையோடு தள்ளுகிறது. அந்த எல்லையைக் கூட்டினால் கூடுதல் விசை போய்ச் சேருவது கிரேனின் அடிப்பகுதி போல்ட்டுகளில். ரிலீஃப் வால்வைப் பிரஷர் கேஜ் மாட்டி, கையேட்டைப் பார்த்துத்தான் தொட வேண்டும்.

தூக்கிய பாரம் தானாக இறங்கினால்

இதற்குப் பொறுமை வேண்டும். டெண்டரை வைத்துச் சோதிக்காதீர்கள். தண்ணீர்ப் பையில் 200, 300 கிலோ நிரப்பி, தளத்திலிருந்து 10 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள். சிலிண்டரின் பளபளக்கும் ராடு வெளியே எவ்வளவு தெரிகிறது என்று ஸ்கேலால் அளந்து குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் காத்திருங்கள். பை இறங்கியிருக்கிறது, ஆனால் ராடு அளவு மாறவில்லை என்றால் கோளாறு வின்ச் பிரேக்கில். ராடு சுருங்கியிருந்தால் இரண்டு சாத்தியம்: சிலிண்டரோடு பொருத்தியிருக்கும், பாரத்தைத் தாங்கும் வால்வு, அல்லது பிஸ்டன் சீல்.

எது என்று பிரிக்க ஒரு வழி உண்டு. பாரத்தைக் கழற்றி, கிரேனின் கையை முழுதாக உயர்த்தி, அது விழாதபடி வலுவான முட்டுக் கொடுங்கள். மோட்டாரை அணைத்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். ராடு பக்கத்து ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை அடைத்துவிடுங்கள். சிலிண்டரின் திறந்த வாய்க்கு ஒரு பாட்டில் வைத்து, விலகி நின்று 'மேலே' பட்டனை அழுத்துங்கள். ஆயில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. சில சொட்டோடு நின்றால் சந்தேகம் வால்வு மேல். வால்வைப் பிரித்து ரிப்பேர் செய்யாமல் அதே எண்ணுள்ள புதியதை வாங்கிப் போடுங்கள்.

சீல் மாற்றுவது உங்களால் முடிகிற வேலைதான். எந்த சீல் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று பிரிக்கும்போதே போட்டோ எடுங்கள். உதடு போன்ற விளிம்பு எப்போதும் அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பாலியூரித்தேன் சீல் விறைப்பாக இருந்தால் வெந்நீரில் போட்டு எடுத்து, துடைத்துப் பொருத்துங்கள். ராடு மீது நகத்தை ஓட்டிப் பாருங்கள். உப்பு அரித்த குழியில் நகம் மாட்டினால் புது சீலையும் அது சீக்கிரமே கிழிக்கும். ராடைப் பட்டறைக்கு அனுப்பத்தான் வேண்டும். பூட்டியபின் பாரம் இல்லாமல் பலமுறை முழுதாக நீட்டிச் சுருக்கினால் காற்று வெளியேறும்.

எந்தக் கட்டத்திலும் லீக்கைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித்துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும். ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

வடம்

தடித்த கையுறை போட்டு, துணியால் வயர் ரோப்பைப் பிடித்து மெதுவாக இழுங்கள். அறுந்த இழை இருந்தால் துணி மாட்டும். முனையில் அழுத்திப் பொருத்திய உலோகக் குழலுக்குள் வடம் நுழையும் இடத்தில் பழுப்புக் கறை இருக்கிறதா? ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் உள்ளுக்குள் அரிபடுவதற்கு அது அறிகுறி. அங்கே ஒரு இழை அறுந்திருந்தாலும் நான் வடத்தை மாற்றிவிடுவேன். வட விலையைப் பார்க்கிற இடம் இதுவல்ல. டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு என்றால் வெயிலில் விறைத்ததா, பளபளவென உருகிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். 150 டிகிரியை ஒட்டி உருகுகிற பொருள் அது. வயர் ரோப் என்றால், முழுதாக இறக்கிய நிலையிலும் அதைச் சுற்றும் டிரம்மில் குறைந்தது மூன்று சுற்று மிச்சமிருக்க வேண்டும்.

டெண்டரை மாட்டும் முன்

சிலிண்டர், வால்வு, வடம் எதை மாற்றியிருந்தாலும் சுமைச் சோதனை வேண்டும். இவ்வளவு சின்ன கிரேன்களுக்கு, குறிக்கப்பட்ட பாரத்தில் 125 சதவீதம் என்பது வழக்கம்: 400 கிலோ கிரேனுக்கு 500 கிலோ. தண்ணீர்ப் பையை மெதுவாக நிரப்பிக்கொண்டே போகலாம், ஏதாவது முனகினால் அங்கேயே நிறுத்தலாம். பிரிட்டிஷ் கொடியோடு வாடகைக்கு ஓடும் படகென்றால் 2006-ம் ஆண்டு விதிகளின்படி 12 மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை சுமைச் சோதனையும் கட்டாயம். அந்தச் சான்றிதழை அதற்குத் தகுதியானவர்தான் தர முடியும், நீங்கள் தரக் கூடாது. அவர் வரும்போது எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள், எவ்வளவு ஆயில் ஊற்றினீர்கள் என்று லாக் புத்தகத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அன்று மாலையே எழுதிவிடுங்கள், மறுநாள் டெண்டர் ஓட்டத்தில் மறந்துவிடும்.