சின்ன நோட்டை நசுக்காதீர்கள்: தாளமும் கிரேஸ் நோட்டும் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், பதின்மூன்று வயது, ஒரு பழைய சொனாட்டினாவின் மெதுவான பகுதியை வாசித்துக் காட்டினான். ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. விரல் சுத்தம். ஆனால் சின்னதாக அச்சடித்த நோட்டு, அதாவது கிரேஸ் நோட்டு, வந்த இடத்திலெல்லாம் 'டிக்' என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த நோட்டுக்கு ஓடினான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபது வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு.

கிளெஃப் மாறியதைக் கவனிக்காதது, கீ சிக்னேச்சரில் இருக்கும் ஷார்ப்பை மறப்பது, இவற்றை இங்கே எழுதவில்லை. அவை தப்பினால் வாசிப்பவரின் காதுக்கே உடனே தெரிந்துவிடும். தப்பாக வாசித்தாலும் காதுக்கு நன்றாகவே கேட்கிற தவறுகள் வேறு. அவற்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

புள்ளியை 'கொஞ்சம் நீட்டு' என்று படிப்பது

நோட்டுக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தால் அந்த நோட்டின் பாதி அளவு அதோடு கூடும். இது எல்லோருக்கும் தெரியும், எழுத்துத் தேர்வில் சரியாக எழுதுவார்கள். பியானோ முன் உட்கார்ந்தால் மட்டும் 'கொஞ்சம் நீட்டு' ஆகிவிடும்.

மோட்சார்ட்டின் சி மேஜர் சொனாட்டா, கே. 545. 1788 ஜூன் மாதம் தன் படைப்புப் பட்டியலில் ஆரம்பநிலையினருக்கானது என்று அவரே குறித்து வைத்தது. முதல் பாரை (தாளக் கட்டத்தை) நம் சுரத்தில் சொன்னால் ஸ, க, ப. இரண்டாவது பார் நி, ஸரி, ஸ. குரோச்செட் என்றால் ஒரு பீட் நோட்டு; அந்த நி புள்ளி வைத்த குரோச்செட், ஒன்றரை பீட். ஸரி இரண்டும் செமிகுவேவர், ஒவ்வொன்றும் கால் பீட். பத்துப் பேரில் எட்டுப் பேர் நி-யை ஒரு பீட்டுக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடித்துவிட்டு ஸரி-யை முன்கூட்டியே கொட்டிவிடுவார்கள். அப்புறம் மிச்சமிருக்கும் நேரத்தை அடுத்த ஸ-வை இழுத்து நிரப்புவார்கள். கேட்பதற்கு இதமாகக்கூட இருக்கும்.

இதற்கு நான் சொல்லிக்கொடுப்பது சொற்கட்டு. ஒரு பீட்டுக்கு ஒரு 'தகதிமி'. வாயில் சொல்லிக்கொண்டே கையால் தட்டுங்கள்: முதல் தகதிமி முழுவதும் நி, அடுத்த தகதிமியில் 'தக' வரைக்கும் நி, 'தி'-யில் ஸ, 'மி'-யில் ரி, அடுத்த 'த'-வில் மறுபடி ஸ. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். 'ஒன் அண்ட் டூ அண்ட்' சொல்லித் தடுமாறும் பிள்ளைகள்கூட இதில் தடுமாறுவதில்லை, அது ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது.

புள்ளி வைத்த குவேவரும் (குவேவர் என்றால் அரை பீட்) செமிகுவேவரும் ஜோடியாக வந்தால் முதல் நோட்டு 'த'-வில், இரண்டாவது 'மி'-யில். ஒரு பீட்டை மூன்றாகப் பிரிக்கும் டிரிப்லெட்டில் ஒரு குரோச்செட்டும் ஒரு குவேவரும் வந்தால் 'தகிட' சொல்லுங்கள், இரண்டாவது நோட்டு 'ட'-வில் விழும். இரண்டுக்கும் இடையே ஒரு பீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஆனால் அணிவகுப்பு தாலாட்டாக மாறுவது அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கில்தான்.

6/8, 3/4

இந்த இரண்டு டைம் சிக்னேச்சரிலும் ஒரு பாருக்கு ஆறு குவேவர்தான். 6/8 என்றால் தகிட தகிட, 3/4 என்றால் தக தக தக. முதல் நோட்டை அழுத்துவதற்கு முன்னாலேயே இதை முடிவு செய்துவிடுங்கள்.

டையும் ஸ்லரும்

வளைகோடு ஒரே சுரம் இரண்டை இணைத்தால் டை, இரண்டாவதை அழுத்தக் கூடாது. வெவ்வேறு சுரங்களை இணைத்தால் ஸ்லர், எல்லாவற்றையும் அழுத்த வேண்டும்.

சின்ன நோட்டெல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

வகுப்பில் முதலில் சொல்லித்தரும் பாடம் இதுதான்: கிரேஸ் நோட்டு பாரின் கணக்கில் சேராது. அது உண்மை. பாரில் உள்ள பெரிய நோட்டுகளைக் கூட்டினாலே டைம் சிக்னேச்சர் நிறைந்துவிடும். ஆனால் பிள்ளைகள் அதிலிருந்து தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: கணக்கில் சேராததற்கு நேரம் கிடையாது, ஆகவே எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தட்டிவிட வேண்டும் என்று. அங்கேதான் கெடுகிறது. ஒலிக்கிற எந்த நோட்டுக்கும் நேரம் வேண்டும். அந்த நேரம் யார் பையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. பின்னால் வரும் பெரிய நோட்டிலிருந்தா, முன்னால் போன நோட்டிலிருந்தா? எடுப்பது கொஞ்சமா, பாதியா, மூன்றில் இரண்டு பங்கா?

சின்ன நோட்டில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று அச்சியக்கத்தூரா. இத்தாலிய மொழியில் நசுக்குவது என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். காம்பின் குறுக்கே ஒரு சாய்ந்த கோடு இருக்கும், குறுகிய நேரமே வாசிக்க வேண்டும். மற்றது அப்போஜியத்தூரா. சாய்ந்துகொள்வது என்ற சொல்லிலிருந்து வந்தது. கோடு இருக்காது. பீட்டின் மேலேயே விழுந்து, பெரிய நோட்டின் மேல் சாய்ந்து, அதன் நேரத்தை வாங்கிக்கொண்டு மெல்ல இறங்கும்.

எவ்வளவு நேரம்? 18ஆம் நூற்றாண்டு ஆசிரியர்கள் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாஹ் 1753இல் வெளியிட்ட கிளவியர் (விசைப்பலகை வாத்திய) பாடநூலிலும், மோட்சார்ட்டின் தந்தை லியோபோல்ட் மோட்சார்ட் 1756இல் வெளியிட்ட வயலின் பாடநூலிலும் பொது விதி இதுதான்: பெரிய நோட்டு இரண்டாகப் பிரியக்கூடியது என்றால் சின்ன நோட்டுக்குப் பாதி. புள்ளி வைத்தது என்றால் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது குரோச்செட்டுக்கு முன் வந்தால் அரை பீட் சின்னதுக்கு, அரை பீட் பெரியதுக்கு. 3/4இல் பார் முழுவதும் நிற்கும் புள்ளி வைத்த மினிமுக்கு (மினிம் என்றால் இரண்டு பீட்) முன் வந்தால் சின்னது இரண்டு பீட் நிற்கும், 'பெரிய' நோட்டுக்குக் கடைசி ஒரு பீட்தான். இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். தாளில் பெரிதாகத் தெரிவது காதில் சிறிதாகக் கேட்பது அவர்களுக்கு விசித்திரமாக இருக்கிறது.

அப்படியானால் நேராகவே இரண்டு குவேவர் என்று எழுதியிருக்கலாமே? இடது கை ஸ-க-ப மூன்றையும் சேர்த்து ஒரு கோர்டாகப் பிடித்திருக்கும்போது வலது கை ரி-யில் விழுந்து ஸ-வுக்கு இறங்குகிறது என்று வையுங்கள். அந்த ரி கோர்டுக்கு வெளியே இருக்கிறது, உரசுகிறது. சின்னதாக எழுதினால் எது கோர்டின் சுரம், எது மேலே சாய்ந்த சுரம் என்பது வாசிப்பவருக்குப் பார்த்தவுடன் தெரியும். மேல் ஸ்தாயி ஸ-வில் முடிக்கும் முன் ரி-யில் ஒரு கணம் நின்று இறங்கும் பாடகரைக் கேட்டிருக்கிறீர்கள் இல்லையா, அந்த ஏக்கம்தான். அந்த ரி-யை 'டிக்' என்று தட்டினால் உரசலும் இல்லை, இறக்கமும் இல்லை.

இப்போது என் கதை. ஒரு வயலின் தோழியோடு மோட்சார்ட்டின் டூயட் சொனாட்டா ஒன்றை ஒரு சின்ன அரங்கில் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தேன். தனித்தனியாகத் தயார் செய்தோம். இரண்டாம் பகுதியின் மெட்டில் திரும்பத் திரும்ப ஒரே வடிவம்: ஒரு சின்ன நோட்டு, அதன் பின் ஒரு குவேவர், அதன் பின் இரண்டு செமிகுவேவர். நான் சின்னதை நசுக்கினேன், அவள் நிறுத்தி வாசித்தாள். பியானோ மெட்டைச் சொல்லி வயலின் பதில் சொன்ன இடத்தில் இரண்டு பேருக்கும் ஏதோ உறுத்தியது, 'வேறு வேறு பாணி' என்று விட்டுவிட்டோம். பிறகு இருவரும் மூன்றாம் சுர இடைவெளியில் சேர்ந்து வாசிக்கும் இடம் வந்தது. அங்கே இரண்டு மெட்டும் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு போயின.

அவள் வில்லை இறக்கிவிட்டுக் கேட்டாள், "அக்கா, உங்க பிரதியில கோடு இருக்கா?"

இருந்தது. என்னுடையது ஒரு பழைய பதிப்பின் ஜெராக்ஸ், சின்ன நோட்டு ஒவ்வொன்றிலும் சாய்ந்த கோடு. அவளுடையது கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுத் தயாரித்த புதிய பதிப்பு. அதே இடத்தில் கோடு இல்லாத குட்டி செமிகுவேவர். எனக்கு அதுவரை தெரியாத செய்தியை அன்றுதான் தெரிந்துகொண்டேன்: மோட்சார்ட் தனி செமிகுவேவரை எழுதும்போது பெரும்பாலும் ஒற்றை வால் போட்டு அதன் மேல் ஒரு குறுக்குக் கோடு கிழித்துவிடுவார். அவர் கையில் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் 'செமிகுவேவர்' என்பது மட்டும்தான். பின்னால் வந்த பதிப்பாளர்கள் பலர் அதை அப்படியே அச்சில் ஏற்ற, நம் கண்ணுக்கு அது அச்சியக்கத்தூராவாகத் தெரிகிறது. அந்த வடிவத்தை அக்காலத்தில் வழக்கமாக வாசித்த முறை நான்கு சமமான செமிகுவேவர், முதலாவதில் லேசான அழுத்தம். தகதிமி, அவ்வளவுதான். நான் அதை 'டிக்-தா-திமி' என்று இரண்டு மாதம் பழகியிருந்தேன்.

26 இடங்கள். நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள். சுரம் தப்பாகப் பழகியிருந்தால் ஒரு விரலை மாற்றினால் போதும். தாளம் தப்பாகப் பழகினால் மணிக்கட்டு, மூச்சு, முன்னும் பின்னும் உள்ள நோட்டு எல்லாமே அந்தத் தப்போடு சேர்ந்து இறுகிவிடுகிறது. நிகழ்ச்சியன்று 26இல் நாலைந்து இடங்களில் பழைய 'டிக்' வந்தே விட்டது. அவையில் யாரும் கவனிக்கவில்லை என்றார்கள். தோழிக்குக் கேட்டது, எனக்கும் கேட்டது. இன்றும் அந்த மெட்டு எங்கே ஒலித்தாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. நல்ல மெட்டு, அதை நானே எனக்குக் கெடுத்துக்கொண்டேன்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் சின்ன நோட்டுகள் அத்தனையையும் விட்டுவிட்டு, பெரிய நோட்டுகளை மட்டும் எண்ணிக்கையோடு வாசியுங்கள். எலும்புக்கூடு நிற்க வேண்டும். அப்புறம் பக்கத்தின் மேலே இசையமைப்பாளரின் காலத்தைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டு என்றால் கோட்டை மட்டும் நம்பாதீர்கள், பதிப்பு எது என்று பாருங்கள். பிறகு இடது கையைக் கோர்டில் வைத்துக்கொண்டு சின்ன நோட்டில் நில்லுங்கள். உரசுகிறதா? உரசி, ஒரு படி இறங்கிப் பெரிய நோட்டில் சமாதானம் ஆகிறதா? அப்படியென்றால் அது சாய்கிற நோட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெரிய நோட்டு மிக வேகமாக ஓடினாலோ, ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்தாலோ, ஸ்டக்காட்டோ புள்ளி (துண்டித்து வாசிக்கச் சொல்லும் குறி) இருந்தாலோ பெரும்பாலும் குறுகியதுதான்.

நீளமாக வாசிக்க முடிவு செய்தால் எடையையும் மாற்ற வேண்டும். சின்ன நோட்டுக்கு அழுத்தம், பெரிய நோட்டு மெல்ல. அரை பீட் சரியாகக் கொடுத்துவிட்டு இரண்டாவதைக் குத்துகிற பிள்ளைகள் நிறையப் பேர். அது சாய்ந்ததாக ஆகாது, தடுக்கி விழுந்ததாகத்தான் ஆகும்.

இரண்டு, மூன்று சின்ன நோட்டுகள் சேர்ந்து வந்தால்

பீட் வந்த பிறகு தொடங்குகிறோமா, பீட்டுக்கு முன்பே தொடங்குகிறோமா என்று ஒரு முறை முடிவு செய்து, பாட்டு முழுக்க அதிலேயே நில்லுங்கள். ஷோபான் எழுதிய இசையில் முதல் சின்ன நோட்டையே பாஸ் நோட்டோடு (இடது கையின் கீழ் நோட்டோடு) சேர்த்து வையுங்கள். தன் மாணவர்களின் பிரதிகளில் அவரே பென்சிலால் அந்த இரண்டையும் இணைத்துக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்.

கமகமாக்கிவிடுவது

கர்நாடக வயலினிலிருந்து ஸ்டாஃப் நொட்டேஷனுக்கு வருபவர்களுக்கு இது. நானும் அந்த வழியாக வந்தவள்தான். சின்ன நோட்டைப் பார்த்ததும் விரல் தானாக வழுக்கும், ஜாரு வந்துவிடும். இங்கே இரண்டு சுரமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், தனி விரல் போடுங்கள். இன்னொன்று: ஸ்புரிதம் என்ற கமகத்தில் கீழ்ச் சுரத்தைத் தொட்டுவிட்டு அழுத்தத்தை மேலே உள்ள சுரத்தில்தான் வைப்போம். அந்தப் பழக்கம் அச்சியக்கத்தூராவுக்கு அருமையாக உதவும். அப்போஜியத்தூராவுக்கு நேர் எதிர். மேலே சொன்ன எடைப் பிரச்சினை நம்மவர்களிடம் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

யூடியூபில் கேட்டுத் தாளத்தைப் பிடிப்பது

முதல் வாரம் வேண்டாம்.

மெட்ரோனோமைக் கடைசியில் போடுவது

சின்ன நோட்டைச் சேர்ப்பதற்கு முன் போடுங்கள், சேர்த்த பிறகு மறுபடி போடுங்கள்.

அந்தப் பையனுக்கு நான் விதி எதையும் முதலில் சொல்லவில்லை. இடது கையைக் கோர்டில் பிடிக்கச் சொல்லி, சின்ன நோட்டில் விரலை வைத்து நிற்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்தான். "இப்போ இறங்கு" என்றேன். இறங்கினான். இன்னொரு முறை செய்தான், நான் சொல்லாமலே. பிறகு பென்சிலை எடுத்து, சின்ன நோட்டுக்கு மேல் ஒரு குவேவர், பெரிய நோட்டுக்கு மேல் ஒரு குவேவர் என்று ஒவ்வொரு இடமாகக் குறித்துக்கொண்டு போனான். மூன்றாவது வரியில் நின்று, "மிஸ், இங்க ஸ்டக்காட்டோ இருக்கே, இதுவும் பாதியா?" என்று கேட்டான்.