வீட்டுப் பீமுக்கும் பில்லருக்கும் ரிங் அளந்து, வளைத்து, கட்டும் முறை

குதிரையின் சேணத்தில் தொங்கி ஏறுபவரின் பாதத்தைத் தாங்கும் அங்கவடியின் ஆங்கிலப் பெயரான ஸ்டிரப், செவிக்குள் இருக்கும் மிகச் சிறிய எலும்புக்கும் கான்கிரீட் பீமின் குறுக்கே செல்லும் கம்பி வளையத்துக்கும் வழங்குகிறது. 1892இல் பிரெஞ்சுக் கட்டுமானர் பிரான்சுவா ஹென்னபிக் காப்புரிமை பெற்ற கான்கிரீட் முறையில், பட்டை இரும்பை யு வடிவில் வளைத்து, பீமின் அடிக்கம்பியை அணைத்தவாறு மேல்நோக்கி நிறுத்தினார்கள். அதன் வழிவந்ததைத்தான் வரைபடத்தில் ஸ்டிரப் என்று குறிக்கிறார்கள். நம் ஊரில் கம்பி கட்டுபவர்கள் ரிங் என்கிறார்கள். சொந்தமாக வீடு கட்டுபவர்களும், வேலைத்தளத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பொறியாளர்களும் கான்கிரீட் போடுவதற்கு முன் ரிங் வேலையைத் தாங்களே சரிபார்க்க இயல வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பீமின் நடுப்பகுதி சுமையால் கீழே வளைவதை நீளக் கம்பிகள் தடுக்கின்றன. ஆனால் பில்லரை ஒட்டிய முனைகளில் விரிசல் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில், அடியிலிருந்து மேல்நோக்கி ஓடும்; அதை அடிக்கம்பியால் மட்டும் தடுக்க முடியாது. அந்தச் சாய்ந்த விரிசலின் குறுக்கே ரிங்கின் நிமிர்ந்த கால்கள் நின்று இருபுறத்தையும் இழுத்துப் பிடிக்கின்றன. 1899இலேயே சூரிச் பேராசிரியர் வில்ஹெல்ம் ரிட்டர் இந்தச் செயற்பாட்டை விளக்கிவிட்டார். பில்லரில் ரிங்குக்கு வேறு வேலை: நிமிர்ந்து நிற்கும் கம்பிகள் சுமையில் வெளிப்பக்கமாகப் பிதுங்காமலும், நடுவிலுள்ள கான்கிரீட் நொறுங்கிச் சிதறாமலும் அது கட்டிப் பிடிக்கிறது. முனையில் நெருக்கமாகவும் நடுவில் சற்று விலகியும் ரிங் வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான் என்று புரிந்துகொண்டால், பின்வரும் அளவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் ஒரு ரிங்குக்கு வெட்ட வேண்டிய நீளத்தைக் கணக்கிடுவோம். 230 மி.மீ. அகலமும் 450 மி.மீ. ஆழமும் கொண்ட பீமை எடுத்துக்கொண்டு, நாற்புறமும் 25 மி.மீ. கவர், அதாவது ரிங்குக்கு வெளியே மூடும் கான்கிரீட், விட்டால், ரிங்கின் வெளியளவு 180க்கு 400 ஆகிறது. நான்கு பக்கங்களையும் கூட்டினால் 1160 மி.மீ. வரும். கம்பி 8 மி.மீ. என்றால், கொக்கி ஒன்றுக்குக் கம்பித் தடிமனின் 10 மடங்கு வீதம் இரு கொக்கிகளுக்கு 160 மி.மீ. சேர்க்க வேண்டும். வளையும் இடங்களில் கம்பி சற்று நீளுவதால், 90 பாகை வளைவு ஒவ்வொன்றுக்கும் தடிமனின் 2 மடங்கும், 135 பாகை வளைவு ஒவ்வொன்றுக்கும் 3 மடங்கும் கழிப்பது தளத்து வழக்கம். மூன்று வளைவுகளுக்கு 48, இரண்டு கொக்கிகளுக்கு 48 என மொத்தம் 96 மி.மீ. குறைகிறது. ஆக, வெட்ட வேண்டிய நீளம் 1224 மி.மீ. 12 மீட்டர் கம்பி ஒன்றில் இத்தகைய ரிங்குகள் ஒன்பது கிடைக்கும். மீதமாகும் 984 மி.மீ. துண்டை எறிந்துவிட வேண்டாம். 230க்கு 300 அளவுள்ள சிறு பீமின் ரிங்குக்கு 924 மி.மீ. போதும் என்பதால், அதை அதற்கு ஒதுக்கிவிடலாம். கடற்கரைக் காற்று நேரடியாகப் படும் இடங்களுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் நெறி 45 மி.மீ. கவர் கேட்கிறது, அங்கே ரிங்கின் அளவு சுருங்கும் என்பதால், கணக்கைப் புதிதாகப் போட்ட பிறகே கம்பியை வெட்ட வேண்டும்.

மொத்தமாக வளைப்பதற்கு முன் முதல் ரிங்கை மட்டும் செய்து, நாடாவால் அளந்து, இரு மூலைவிட்டங்களும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடங்கச் சொல்லுங்கள். வளைந்த இடத்தின் வெளிப்புறத்தில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் அந்த ரிங்கை ஒதுக்கிவிட வேண்டும். தவறாக வளைத்ததை நிமிர்த்தி மீண்டும் வளைப்பதும் கூடாது.

ரிங்கில் எல்லாவற்றையும்விட முக்கியமானது கொக்கி. கம்பியின் இரு முனைகளும் ஒரு மூலையில் சந்திக்கும்போது, அவை 135 பாகை வளைந்து பீமின் உள்வயிற்றுக்குள், அதாவது கான்கிரீட்டின் நடுப்பகுதியை நோக்கி, நுழைந்திருக்க வேண்டும். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 13920இன் 2016 பதிப்பு, வளைவுக்கு அப்பால் கொக்கியின் நேர்ப்பகுதி தடிமனின் 6 மடங்கும், குறைந்தது 65 மி.மீ.யும் இருக்க வேண்டும் என்கிறது. ரிங் கம்பியும் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வேலை எளிதாக இருக்கிறது என்று பலர் 90 பாகையோடு நிறுத்திவிடுகிறார்கள். வெளிக்கவர் உதிர்ந்த மறுகணம் அத்தகைய கொக்கி பிரிந்துகொள்ளும். ரிங் இருந்தும் இல்லாததாகிவிடும். 2001 ஜனவரி 26இல் குஜராத்தை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கு அப்பாலிருந்த அகமதாபாத்தில் இடிந்த அடுக்குமாடிகளின் பில்லர்களில் இந்தக் குறை வெட்டவெளிச்சமானது. இங்கே நிலம் நடுங்காது என்று சொல்பவர்களிடம், நிலநடுக்க மண்டலங்களை வகுக்கும் ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பு சென்னையையும் கோவையையும் மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டுங்கள். கடையில் ஆயத்தமாக விற்கும் ரிங்குகளை வாங்குபவர்களும் கட்டைப் பிரித்துக் கொக்கியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது இடைவெளி. நம் பீமில் அடிக்கம்பி 16 மி.மீ., மேற்கம்பி 12 மி.மீ. என்றால், பீமின் மேற்பரப்பிலிருந்து அடிக்கம்பியின் மையம் வரையுள்ள பயனுறு ஆழம் 409 மி.மீ. ஆகும். ஐ.எஸ். 13920இன்படி, இரு முனைகளிலும் இந்த ஆழத்தின் இரு மடங்கு தூரத்துக்கு, ஆழத்தின் கால் பங்கு, மிகச் சிறிய நீளக் கம்பியின் 8 மடங்கு, 100 மி.மீ. ஆகிய மூன்றில் எது குறைவோ அதைவிட இடைவெளி மிகக் கூடாது. இங்கே 96 வருவதால் 90 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்; நடுவில் ஆழத்தின் பாதியான 204க்கு உட்பட்டு 200 மி.மீ. போதும். முதல் ரிங் பில்லரின் முகத்திலிருந்து 50 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். பில்லர்களுக்கு இடையே 3.6 மீட்டர் இருந்தால், முனைக்குப் பத்து வீதம் இருபதும், நடுவில் ஒன்பதும் ஆக 29 ரிங்குகள் தேவைப்படும். எல்லாவற்றையும் 200 மி.மீ. இடைவெளியில் வைத்து 19 ரிங்குகளோடு முடித்தால் மிச்சமாவது ஐந்து கிலோவுக்கும் குறைவான கம்பிதான். இதைப் போன்ற வீண் சிக்கனம் கட்டுமானத்தில் வேறில்லை.

பில்லருக்கும் இதே முறைதான், ஆனால் இன்னும் நெருக்கம் வேண்டும். 300க்கு 300 பில்லரில் 16 மி.மீ. கம்பிகள் நின்றால், மேலும் கீழும் ஏறத்தாழ அரை மீட்டருக்கு 75 மி.மீ. இடைவெளியும், நடுவில் 150 மி.மீ. இடைவெளியும் வருகின்றன. எட்டுக் கம்பி வைத்த பில்லரில் வெளி ரிங் நான்கு மூலைக் கம்பிகளை மட்டுமே பிடிக்கும் என்பதால், நடுக்கம்பிகளைப் பிடிக்கத் தனியாக உள் ரிங்கோ இருமுனையும் கொக்கியிட்ட குறுக்குக் கம்பியோ வேண்டும்.

பீமும் பில்லரும் சந்திக்கும் இடத்தில்தான் ரிங் பெரும்பாலும் காணாமல் போகிறது. பீமின் கம்பிகளைச் செருகிய பிறகு அந்த நெரிசலுக்குள் மூடிய ரிங்கை நுழைக்க வழியில்லாததால், அப்படியே விட்டுவிடுகிறார்கள். பீம் கம்பிகள் வருவதற்கு முன்பே தேவையான ரிங்குகளைப் பில்லர் கம்பியில் மேலிருந்து கோத்துத் தளர்வாக விட்டுவைத்து, பீம் கூடு அமர்ந்தபின் ஒவ்வொன்றாக உரிய உயரத்துக்கு நகர்த்திக் கட்டச் சொல்ல வேண்டும். முந்தின நாளே மேஸ்திரியிடம் பேசி வைத்தால்தான் இது நடக்கும்.

கட்டும்போது எல்லாக் கொக்கிகளும் ஒரே மூலையில் வரிசையாக விழக் கூடாது. பில்லரில் நான்கு மூலைகளுக்கும் சுற்றிச் சுற்றி மாற்ற வேண்டும். பீமில் இரு மேல் மூலைகளுக்கும் மாறி மாறி வைக்க வேண்டும். பால்கனியைத் தாங்கும் நீட்டல் பீமில் இழுவிசை மேற்புறத்தில் இருப்பதால், கொக்கிகள் அடிப்பக்கத்தில் வருவது நல்லது. கட்டுக்கம்பியை ஒரு மூலை விட்டு ஒரு மூலை கட்டினால் கான்கிரீட் விழும் வேகத்தில் ரிங்குகள் சாய்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மூலையிலும் முறுக்கி, வெட்டிய நுனியை உள்நோக்கி மடக்கிவிட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி சென்ட்ரிங் பலகையைத் தொட்டு, பின்னாளில் அந்த வழியே துரு உள்ளே இறங்கும்.

கான்கிரீட் போடும் நாளில் வண்டி வருவதற்கு முன் நாடாவோடு ஒருமுறை நடந்து, பீமின் இரு முனைகளையும் பில்லரின் அடியையும் தலையையும் அளந்து பாருங்கள். கவர் அளவுக்கு இடைவெளி காக்கும் கவர் பிளாக்குகள் ரிங்கின் அடியிலும் பக்கங்களிலும் உறுதியாக நிற்கின்றனவா என்று பார்த்து, கூடுகளை நாற்புறமும் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். முனைகளில் கம்பி நெருக்கமாக இருப்பதால் அங்கே 20 மி.மீ.க்கு மேற்பட்ட ஜல்லி புகாது. வைப்ரேட்டரின் ஊசியை ரிங்குகளின் மீது சாய்த்து அதிரவிடாமல், அவற்றின் இடையே நேராக இறக்கி ஏற்றச் சொல்லி அருகிலேயே நில்லுங்கள்.