குதிரையின் தலையை மீண்டும் ஒட்டிய அனுபவம்

குன்னூரில் பழைய பொருள்களைத் தரையில் விரித்து விற்கும் ஒருவரிடம், சென்ற ஆடி மாத மழையில், ஒரு தகர டப்பாவுக்குள் 31 சதுரங்கக் காய்களைக் கண்டேன். வெள்ளைக் காய்கள் பாக்ஸ்வுட் மரம். கறுப்புக் காய்கள் கருங்காலி. வடிவம், 1849இல் இங்கிலாந்தில் பதிவு செய்யப்பட்ட ஸ்டான்டன் வடிவம். ஒரு வெள்ளைச் சிப்பாயைக் காணவில்லை. கறுப்புக் குதிரை ஒன்றின் தலை பீடத்திலிருந்து கழன்றிருந்தது.

இவ்வகைக் குதிரைகளின் தலையைத் தனியே செதுக்கி, பீடத்தின் துளையில் பொருத்தி, வச்சிரத்தால் (விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை) ஒட்டுவது வழக்கம். நீலகிரியின் ஈரத்தில் அந்த வச்சிரம் இளகிப்போகிறது. முதலில் நான் கடையில் கிடைக்கும் உடனடிப் பசையால் ஒட்டினேன். பழைய வச்சிரத்தின் படிவு துளைக்குள் இருந்ததால், அது இரண்டே நாளில் விட்டுவிட்டது. பின்னர், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துளையை மெல்லத் துடைத்து, இளகிய படிவை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்து, நிழலில் ஒரு வாரம் உலரவிட்டேன். அடுப்பருகே வைக்கவே கூடாது: அப்படி வைத்த கறுப்புச் சிப்பாய் ஒன்று நெடுக வெடித்துவிட்டது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உலர்ந்த பின் புதிதாகக் காய்ச்சிய வச்சிரத்தை மெல்லியதாகத் தடவி, நூலால் இறுகக் கட்டி, ஒரு நாள் அசைக்காமல் வைத்தேன். இறுதியாகத் தேன்மெழுகு மட்டும் பூசினேன். உப்புத்தாள் தொடவில்லை, ஏனெனில் பல கைகள் பட்டு வந்த அந்தப் பளபளப்பைத் தேய்த்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. குதிரை இப்போது உறுதியாக நிற்கிறது.